பட்டியலில் நான் எழுதாத பெயர்

கொக்கிளாயில் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் நான். 2023ஆம் ஆண்டின் கடைசியில் உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழி தோண்டத் தொடங்கிய பிறகு நித்திரை கொள்ளாமல், சாப்பாடு இறங்காமல், ஆட்களோடு கதைக்காமல் இருப்பவர்கள் ஊரில் இருந்தால் பெயர் தரும்படி கேட்டார். வீடு வீடாகத் தேடித் திரிய அவருக்கு நேரமும் இல்லை, வாகனமும் இல்லை. ஊரில் எல்லாரையும் தெரிந்தவள் என்று என்னைக் கேட்டார். சில நாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அதில் முதலாவதாக இருந்திருக்க வேண்டிய பெயரை நான் எழுதவில்லை. அது என் சொந்த அக்காவின் பெயர்.

மறந்து போகவில்லை. பேனையை எடுத்தபோது அவர் முகம்தான் முதலில் வந்தது. அந்த இடத்தில் இன்னொருவரின் பெயரை எழுதினேன்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று வெளியூர் ஆட்களுக்கு விளங்க வேண்டுமானால் எங்கள் ஊர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி என்று வரும் வீதி எங்களோடு முடிகிறது. அதற்கப்பால் களப்பின் வாய். அக்கரையில் புல்மோட்டை, அது திருகோணமலை மாவட்டம். பாலம் வரும் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதை எழுதும்வரை வரவில்லை. மாவட்ட பொது வைத்தியசாலை மாஞ்சோலையில், முப்பது கிலோமீற்றருக்கு அப்பால். காலை பஸ்ஸை விட்டால் கிளினிக்குக்கு நேரத்துக்குப் போக முடியாது. ஓட்டோ பிடித்தால் ஒருநாள் கூலி போய்விடும். அங்கே நம்பர் துண்டு எடுத்து, கொப்பியைக் கொடுத்துக் காத்திருந்து, மருந்தும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். இறால் உடைக்கப் போகிற பெண்ணுக்கு அன்றைக்கு உழைப்பு இல்லை.

ஆனாலும் சேவைகள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் அரச வைத்தியம் இலவசம். மாஞ்சோலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். வீட்டில் அடிபடுகிற பெண்கள் போவதற்கென்று வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் வைத்திருக்கிறார்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே எடுத்துக் கதைக்கலாம். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. 1990 என்ற அவசர அம்பியூலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்தது. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். இவற்றைக் கூட்டங்களில் நின்று வாசிப்பவளே நான்தான்.

குறை எங்கே என்றால், கொக்கிளாயில் இருக்கும் ஒரு விதவைக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தாலும் எந்தக் கதவில் யாரை என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாது. கிராம அலுவலரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு படிவம், வைத்தியசாலையில் ஒரு கொப்பி. இந்த மூன்றுக்கும் நடுவில் கூட்டிக்கொண்டு போகிற ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆள் பெரும்பாலும் நான். 2023இல் அஸ்வெசும உதவித்தொகை வந்தபோது பெயர் விடுபட்டவர்களுக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காணாமற்போனவரை இறந்தவர் என்று எழுதாமல், காணவில்லை என்றே எழுதித் தரும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அதற்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளி உதவித்தொகை, மூக்குக் கண்ணாடி, சக்கர நாற்காலி என்று எத்தனையோ. அப்படிப்பட்ட நான் ஒரு பெயரை மறைத்தால், அந்தப் பெயருக்குரியவருக்கு வைத்தியசாலை இல்லாததற்குச் சமம். அதைத்தான் என் அக்காவுக்குச் செய்தேன்.

அக்காவுக்கு என்னை விட எட்டு வயது கூட. 1984 டிசெம்பரில் ஊரை விட்டு ஓடியபோது என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் எங்களுக்குக் கொக்கிளாய் இல்லை. அளம்பில், முள்ளியவளை, பிறகு கடைசிப் போரில் எல்லாரும் போன இடம். அக்காவின் கணவர் முன்பே செல்லடியில் போய்விட்டார். மிஞ்சியது ஒரே மகன். 2008இல் அவனைப் புலிகள் இயக்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். சில மாதத்தில் ஓடி வந்து எங்களோடு பங்கருக்குள் இருந்தான். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த பிறகு அவன் இல்லை. 2017இல் முல்லைத்தீவில் காணாமற்போனவர்களின் தாய்மார் வீதியோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தபோது அக்காவும் போய் உட்கார்ந்தார். காணாமல் போனோர் அலுவலகத்திலும் பதிந்திருக்கிறார். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நெல் குற்றினார், கோழி வளர்த்தார், என் பிள்ளைகளை வளர்த்தார்.

2023 ஜூன் 29ஆம் திகதி கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் தாழ்க்க வெட்டிய இடத்தில் எலும்புகளும் உடுப்பும் வந்தன. அதற்குப் பிறகு அக்கா வேறு ஆள். நீதிமன்ற உத்தரவில் தோண்டும் வேலை தொடங்கியதும் நாள் தவறாமல் அங்கே போய் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றார். தோண்டாத நாளிலும் போனார். பின்னேரம் வந்து குளிக்க மாட்டார். இரவில் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு ஆக்கினால் மகனுக்கும் ஒரு கோப்பையில் போட்டு மூடி வைப்பார். அடுத்த நாள் அதை யாருக்கும் கொடுக்க விடமாட்டார். ஒருநாள் அடுப்பை மூட்டிவிட்டு மறந்து போய்க் கிடுகுக் கொட்டிலில் பாதி எரிந்தது.

நான் என்ன செய்தேன்? விளக்கம் சொன்னேன். அகழ்வை நடத்திய பேராசிரியர் ராஜ் சோமதேவ, அந்த உடல்கள் 1994க்கும் 1996க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்று அறிக்கை கொடுத்திருப்பதாகப் பேப்பரில் வந்தபோது அதை வாசித்துக் காட்டினேன். "அக்கா, இவன் போனது 2009. அப்ப இவன் இதுக்குள்ள இருக்கேலாது. கணக்குப் பாருங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்குள் இருக்கிறது. "நீ கணக்குப் பாக்கிறாய் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். 2024 ஜூலையில் வேலை முடியும்போது 52 பேரின் எலும்புக்கூடுகள் எடுத்திருந்தார்கள். அந்த 52 பேரில் ஒவ்வொருவரும் அவருக்கு மகனாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் முயலவும் இல்லை.

ஊரில் கேட்டவர்களுக்கு "அக்காவுக்குப் பிரஷர்" என்றேன். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அக்காவுக்கு அந்த அம்மன் மேல் உயிர், அங்கே போன அன்று நிம்மதியாக நித்திரை கொண்டார். நூல் கட்டுகிறவரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். மாஞ்சோலைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் மகளின் கலியாணம். வவுனியாவில் ஒரு நல்ல இடம் பேசிக்கொண்டிருந்தோம். பெண்ணின் பெரியம்மா மனநலக் கிளினிக்குக்குப் போகிறவர் என்று தெரிந்தால் பரம்பரை என்று விட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். இந்தப் பயம் எங்கள் ஊரில் மட்டும் உள்ளதல்ல. யாழ்ப்பாணத்தில் ஒருவரைத் திட்ட வேண்டுமானால் மந்திகைக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். மற்ற இடங்களில் அங்கொடை என்பார்கள். நோய்க்குப் போகும் இடத்தின் பெயரே ஏச்சாகிவிட்டால் யார் போவார்கள்? இந்த நாட்டின் மனநோய்ச் சட்டத்துக்கு அடி 1873இல் வெள்ளைக்காரன் போட்டது. பூட்டி வைப்பதைப் பற்றியே யோசித்த காலத்தின் சட்டம் அது. இப்போது வைத்தியம் எவ்வளவோ மாறிவிட்டது. மருந்து எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம், வேலைக்குப் போகலாம். இதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது நான் மனதாரத்தான் சொன்னேன். என் வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்த அறிவெல்லாம் போய்விட்டது.

மற்றப் பெண்களின் பெயரை மட்டும் கூச்சமில்லாமல் எழுதினேன். அவர்களுக்கும் கலியாணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை நான் யோசிக்கவில்லை.

நான் மறைத்ததைப் பிடித்தவள் அந்தப் பட்டியலில் இருந்த ஒருத்தி. களப்பில் இறால் உடைக்கிற பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். புருஷனுடைய அடியும் குடியுமாகச் சீரழிந்து, சாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். என் பட்டியலைப் பார்த்து உத்தியோகத்தர் அவள் வீட்டுக்குப் போனார், மாஞ்சோலைக்கு அனுப்பினார். மருந்தும் கதையுமாக அவள் தெளிந்தாள். 2024 நடுப்பகுதியில் ஒருநாள் நான் முல்லைத்தீவில் கூட்டத்தில் இருந்தபோது, அக்கா வீதியில் செருப்பில்லாமல் நடந்து போவதை அவள் கண்டிருக்கிறாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். மகனைக் கூட்டிக்கொண்டு வர என்றாராம். அவள் அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, தலை வாரி, அடுத்த கிளினிக் நாளில் தன்னோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். என்னைக் கேட்கவில்லை.

பின்னேரம் கொண்டுவந்து விட்டவள் படலையில் நின்றுகொண்டு கேட்டாள்: "சங்கத்து அக்கா, என்ர பேரை எழுதினியள். உங்கட அக்காவின்ர பேரை ஏன் எழுதேல்லை?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்கு விளங்காமல்தான் கேட்டாள். நான் கலியாணக் கதையைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

கலியாணக் கதை முழு உண்மை இல்லை. அன்று இரவு அது எனக்கே தெரிந்தது. அந்தக் கதை இருந்திருக்காவிட்டாலும் நான் அக்காவை அனுப்பியிருக்க மாட்டேன். உளவளத்துணை என்றால் அங்கே கதைக்க வேண்டும். அக்கா கதைக்கத் தொடங்கினால் வட்டுவாகலைக் கதைப்பார். வட்டுவாகலில் நான் இருக்கிறேன்.

அன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தபோது ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்கள் என்றாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று. அக்கா மகனின் கையை விடாமல் நின்றார். அவனை எங்களுக்குள் நடுவில் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார். என் மகனுக்கு அப்போது 15 வயது. அவன் என் கையில். அக்காவின் மகனை மறைத்துக் கொண்டுபோகும்போது பிடிபட்டால் என் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில் நான் சொன்னேன்: "குடுங்கோ அக்கா. பதிஞ்சுபோட்டு விட்டிடுவினம். ஒளிச்சால்தான் ஆபத்து." நான் சொன்னது அவர்கள் சொன்னதை நம்பி என்று இவ்வளவு காலமும் வைத்திருந்தேன். நம்பினேனா? பாதி நம்பினேன். மீதிப் பாதி என் மகனுக்காகச் சொன்னேன். என் மகன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். கிழமைக்கு ஒருமுறை கதைக்கிறான். அவன் கோல் வரும்போது அக்கா எழும்பிக் கிணற்றடிக்குப் போவார்.

அக்கா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நான் வாழ்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு உத்தியோகத்தருக்கு முன்னால் அது வெளியே வந்துவிடும், கொப்பியில் எழுதப்படும், பிறகு ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் அந்தப் பெயரை எழுதாமல் விட்டேன். ஒருவர் உத்தியோகத்தரிடம் சொல்வது வெளியே போகாது என்று கூட்டத்தில் மற்றவர்களுக்கு உறுதி சொன்னவளும் நான்தான்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி எழுதும்போது, காயம் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகப் பட்டது மட்டுமல்ல, ஆளுக்கு ஆள் இருந்த நம்பிக்கையும் உறவும் குடும்பமும் சேர்ந்து காயப்பட்டன என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கூட்டு மனவடு என்று அதற்குப் பெயர். பயிற்சி வகுப்பு ஒன்றில் இதைக் கேட்டபோது நான் குறிப்பு எழுதிக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்ததைத்தான் அவர் சொல்கிறார் என்று அப்போது படவில்லை. பௌலின் பொஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களைப் பற்றி ஆராய்ந்து, முடிவு தெரியாத இழப்பு என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். உடல் கிடைத்தால் அழுது முடிக்கலாம். கிடைக்காதபோது அழுவதே பிள்ளைக்குச் செய்யும் துரோகமாகத் தெரியும். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2016இல் இலங்கையில் காணாமற்போனவர்களின் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இதே நிலையைத்தான் சொன்னது. அக்கா மூடி வைத்த கோப்பைச் சோறு பைத்தியம் அல்ல. அப்படி இருக்கும் ஆட்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள், அதற்கு வழியும் இருக்கிறது. போர் முடிந்த முதல் ஆண்டுகளில் வடக்கில் உளசமூக வேலை செய்ய அனுமதி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்தக் காலத்தைக் குற்றம் சொல்லலாம். 2023இல் உத்தியோகத்தர் என் முன்னால் உட்கார்ந்து பெயர் கேட்டார். அந்த இடத்தில் குற்றம் சொல்ல வேறு யாரும் இல்லை.

இப்போது அக்கா கிளினிக்குக்குப் போகிறார். மருந்து தொடங்கிய சில கிழமையில் நித்திரை வந்தது. பிறகு குளித்தார், பிறகு கோழிகளைத் திரும்பக் கூட்டில் அடைக்கத் தொடங்கினார். கோப்பையில் சோறு போட்டு வைப்பது நிற்கவில்லை. அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்று உத்தியோகத்தர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் அந்தச் சோற்றை அக்கா தானே காகத்துக்கு வைக்கிறார். மருந்து சில நாள் வாய் உலர வைக்கிறது, காலையில் தலை பாரமாக இருக்கிறது என்கிறார். குணமாகிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். மகன் வராமல் அவர் எப்படிக் குணமாவார்? செருப்புப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார், திரும்பி வருகிறார். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்வது அந்த இறால் உடைக்கிற பெண். நான் வரட்டா என்று கேட்டேன். "நீ சங்க வேலையைப் பார் பிள்ளை" என்றார்.

சம்பந்தி வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன்னுடைய தம்பியும் 2009க்குப் பிறகு வவுனியா வைத்தியசாலையில் மருந்து எடுக்கிறார் என்றும், எங்களிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்ததாகவும் சொன்னார். கலியாணம் நடந்தது. எத்தனை வீடுகள் இப்படி ஒன்றுக்கொன்று மறைத்துக்கொண்டு, நடுவில் ஒரு நோயாளியை மருந்தில்லாமல் வைத்திருக்கின்றன என்று அன்றைக்குத் திரும்பி வரும்போது யோசித்தேன்.

சங்கத்தில் பட்டியல் எழுதும் வேலையை இனி நான் தனியாகச் செய்வதில்லை. மூன்று பேர் சேர்ந்து, அவரவர் வீட்டிலிருந்து தொடங்கி எழுதுகிறோம். பெயரை எழுத முன் அந்த ஆளிடம் சம்மதம் கேட்கிறோம். இதை முன்பே செய்திருக்க வேண்டும். மற்றப் பெண்களின் பெயரை அன்று நான் அவர்களைக் கேட்காமலே எழுதினேன். அதையும் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி என்னோடு இன்னும் கதைப்பதில்லை. அது அவளுடைய நியாயம்.

வட்டுவாகலைப் பற்றி அக்காவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. நான் தொடங்கினால் அவர் நோய் கூடுமா, தொடங்காமல் விட்டால் அதுவே அவரைத் தின்னுமா என்று எனக்குத் தெரியவில்லை. போன மாதம் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் இதைக் கேட்டேன். அக்காவிடம் பேசுவதை இப்போதைக்கு விடுங்கள், முதலில் நீங்கள் வந்து உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன்.